இணைப்பே நிலையம்

நுழையும்முன்

தொடர்வண்டி நிலையம் என்றதும் நீண்ட நடைமேடைகளும் உயர்ந்த கட்டடங்களும் மக்கள் திரளும் நம் நினைவுக்கு வரும். ஆனால், நம் நாட்டு நிலையங்களுள் பெரும்பாலானவை சிறியவை. ஓரிரு நடைமேடைகள், ஒரு பயணச்சீட்டுச் சாளரம், ஒரு நிழற்கூரை என்ற அளவிலேயே அவை அமைந்துள்ளன. அத்தகைய சிறு நிலையம் ஒன்று, இருப்புப்பாதையே இல்லாத ஒரு மலையூரின் வாழ்வோடு எவ்வாறு பிணைந்துள்ளது? அப்பிணைப்பு அறுந்தால் துன்புறுவோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

இருப்புப்பாதை இல்லாத ஊர்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பந்தலூர் வட்டத்தில் அமைந்துள்ளது நெல்லியாளம். இது நகராட்சி என்னும் தகுதி பெற்ற ஊராயினும், நகரங்களுக்குரிய நெருக்கமான தெருக்களை இங்குக் காண இயலாது. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளே ஊராக விளங்குகின்றன. அருகிலுள்ள தேவாலா, தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தமிழும் மலையாளமும் கன்னடமும் இப்பகுதியில் கலந்து ஒலிக்கின்றன. பணியர், காட்டுநாயக்கர் முதலிய தொல்குடியினர் வாழும் நிலமும் இதுவே.

மலைத் தொடர்வண்டியால் உலகப் புகழ் பெற்ற மாவட்டம் நீலகிரி. எனினும், அவ்வண்டி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் மட்டுமே ஓடுகிறது. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இருப்புப்பாதை இல்லை. ஆகவே, நெல்லியாளத்தில் வாழ்பவர் தொடர்வண்டியில் ஏற வேண்டுமாயின் முதலில் மலையைக் கடக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

கிழக்கே சென்றால், கூடலூர், உதகமண்டலம், குன்னூர் ஆகிய ஊர்களைக் கடந்து மேட்டுப்பாளையத்தை அடையலாம். வடக்கே சென்றால், முதுமலை, பந்திப்பூர்க் காடுகளின் ஊடே மைசூரு செல்லலாம். தென்மேற்கே சென்றால், நாடுகாணியிலிருந்து மலைப்பாதையில் இறங்கிக் கேரளத்தின் வழிக்கடவு, எடக்கரை வழியாக நிலம்பூரை எட்டலாம். இம்மூன்றனுள் அண்மையானது நிலம்பூர். தமிழ்நாட்டு மலையூர் ஒன்றுக்கு அண்டை மாநிலத்துச் சிறு நிலையமே தொடர்வண்டி வாயிலாக அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

தொடர்வண்டியில் வந்த மக்கள்

இருப்புப்பாதை இல்லாத இவ்வூரின் வரலாற்றில் தொடர்வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. இங்குள்ள தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் பலவும் ஒரு நெடும்பயணத்தின் வழியாகவே இம்மலைக்கு வந்து சேர்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து எண்ணற்ற குடும்பங்கள் இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குச் சென்றன. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி வரை தொடர்வண்டி, அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், பின்னர் மீண்டும் தொடர்வண்டி என்ற வரிசையில் சென்னையிலிருந்து கொழும்பு வரை பயணம் அமைந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் கப்பலில் ஏறுவதற்கேற்ப நேரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. மக்கள் இதனைப் 'போட் மெயில்' என்றனர். கடல் குறுக்கிட்ட போதிலும் பயணம் ஒன்றாகவே தொடர்ந்தது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று, இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியத் தலைமையமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அதன்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க ஒப்புக்கொண்டன. அவ்வாண்டு டிசம்பர் 22 அன்று இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணியர் வண்டியையும் கடல் கொண்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திற்கு வந்தது. தாயகம் திரும்பியோர் அங்கு இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிப் பதிவு செய்துகொண்டு, ஒதுக்கப்பட்ட ஊர்களை நோக்கித் தொடர்வண்டிகளிலும் பேருந்துகளிலும் புறப்பட்டனர்.

அவர்களுக்கு வாழ்வளிக்கும் நோக்குடன் 1968ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. அது 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வடிவம் பெற்றது. 'டேன்டீ' என்று மக்கள் அழைக்கும் அக்கழகத்தின் தோட்டப் பிரிவுகளுள் ஒன்று நெல்லியாளம். இலங்கையின் மலையிலிருந்து நீலகிரியின் மலைக்கு வந்தவர்கள், தொடர்வண்டி, கப்பல், மீண்டும் தொடர்வண்டி, பேருந்து என்று மாறி மாறி ஏறி இறங்கியே இங்குக் குடியேறினர். ஊர்தி மாறும் இடங்களில் மூட்டை முடிச்சுகளுடனும் குழந்தைகளுடனும் காத்திருப்பது எத்தகையது என்பதை அத்தலைமுறை நன்கு அறிந்திருந்தது.

'ரோடு' என்னும் சொல் உணர்த்தும் பொருள்

நெல்லியாளத்திற்கு அண்மையிலுள்ள நிலையத்தின் முழுப்பெயர் 'நிலம்பூர் ரோடு' என்பதாகும். இந்திய இருப்புப்பாதையில் ஒரு நிலையத்தின் பெயரோடு 'ரோடு' என்ற சொல் ஒட்டியிருந்தால், அந்நிலையம் அவ்வூருக்குள் இல்லை என்பது பொருள். ஊருக்குச் செல்லும் சாலையின் அருகே வண்டி நிற்கும். அங்கிருந்து ஊருக்குச் செல்ல வேறோர் ஊர்தி வேண்டும். 'இங்கு இறங்குவதோடு உம் பயணம் முடிந்துவிடவில்லை' என்பதை அந்நிலையத்தின் பெயரே பயணிக்கு அறிவித்துவிடுகிறது.

தமிழ் இலக்கணம் கற்கும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். நிலைமொழியும் வருமொழியும் சந்திக்குமிடத்தில் எழுத்துகள் தோன்றலாம், திரியலாம், கெடலாம். அச்சந்திப்பு இயல்பாக அமைந்தால் சொல் ஒழுகிச் செல்லும். பிழையுற்றால் பொருளே மாறிவிடும். போக்குவரத்திலும் இந்நிலையே உள்ளது. பேருந்து நன்றாக ஓடலாம்; தொடர்வண்டியும் நன்றாக ஓடலாம். இரண்டும் சந்திக்குமிடம் பிழையுற்றால் பயணம் சிதையும். நிலையம் என்பது அச்சந்திப்பின் பெயர்.

பெயர்த்தெடுக்கப்பட்ட பாதை

நிலம்பூரின் தேக்குக் காடுகள் புகழ்பெற்றவை. 1840களில் மலபார் ஆட்சியராக இருந்த கனோலி என்பவரின் முயற்சியால் இங்குத் தேக்குத் தோட்டம் உருவாக்கப்பட்டது. இந்நிலத்தின் மரங்களை வெளியே கொண்டுசெல்லும் தேவையை ஒட்டி, ஷொர்ணூரிலிருந்து நிலம்பூர் வரை ஏறத்தாழ 66 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாதையைத் தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் அமைத்தது. 1927ஆம் ஆண்டில் அது முழுமையாகத் திறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது இரும்புக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. போர்த் தேவைக்காக 1941ஆம் ஆண்டில் இப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. வண்டி வாராத நிலையம் பயனற்றுப் போயிற்று. விடுதலைக்குப் பின்னர், 1953-54ஆம் ஆண்டுகளில் மக்களின் கோரிக்கையை ஏற்றுப் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. மரத்திற்காகப் பிறந்த பாதை, மறுபிறப்பில் மக்களுக்கான பாதையாயிற்று. இன்று மாணவர்களும் பணியாளர்களும் சிறு வணிகர்களும் நாள்தோறும் இதில் பயணம் செய்கின்றனர். ஷொர்ணூரை அடைந்துவிட்டால், கிழக்கே கோயம்புத்தூர், வடக்கே மங்களூரு, தெற்கே எர்ணாகுளம் எனப் பல திசைகளிலும் வழிகள் விரிகின்றன. நிலம்பூரிலிருந்து இரவில் புறப்பட்டு விடியற்காலையில் திருவனந்தபுரம் சென்று சேரும் விரைவு வண்டியும் உண்டு.

இவ்வரலாறு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. நிலையம் என்பது கட்டப்பட்டுவிட்டதாலேயே நிலைத்திருக்கும் ஒன்றன்று. அதனை அடையும் வழிகள் இருக்கும்வரை மட்டுமே அது நிலையமாக இருக்கும்.

மூன்று இணைப்புகளின் கணக்கு

நெல்லியாளத்தின் தோட்டக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு பெண் தம் தந்தையை மருத்துவத்திற்காகத் திருவனந்தபுரம் அழைத்துச் செல்வதாகக் கொள்வோம். குடியிருப்பிலிருந்து முதன்மைச் சாலைக்கு ஒரு பேருந்து. அங்கிருந்து நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு மற்றொரு பேருந்து. நிலம்பூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து தொடர்வண்டி நிலையத்திற்கு ஒரு தானி. இவ்வாறு மூன்று ஊர்திகளில் சென்ற பின்னரே அவர்கள் தொடர்வண்டியில் ஏற இயலும்.

ஒவ்வோர் ஊர்தியும் பத்து நாள்களில் ஒன்பது நாள்கள் உரிய நேரத்தில் வருவதாகக் கொள்வோம். ஒன்றைத் தனியே நோக்கினால் இது நம்பத்தக்க ஏற்பாடாகவே தோன்றும். ஆனால், மூன்றும் ஒரே நாளில் உரிய நேரத்தில் அமைவதற்கான வாய்ப்பு 0.9 × 0.9 × 0.9 = 0.729 ஆகும். அதாவது, நூறு பயணங்களில் ஏறத்தாழ 73 மட்டுமே தடையின்றி நிறைவேறும். எஞ்சிய 27 பயணங்களில் எங்கோ ஓரிடத்தில் இணைப்பு தவறிவிடும். இணைப்புகள் பெருகப் பெருக, தவறும் வாய்ப்பும் பெருகும்.

காத்திருப்பிற்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு ஒரு பேருந்து செல்லும் வழித்தடத்தில், நேரம் அறியாமல் வந்து நிற்கும் பயணி சராசரியாக 30 நிமிடம் காத்திருக்க நேரும். 20 நிமிடத்திற்கு ஒரு பேருந்து சென்றால் அது 10 நிமிடமாகக் குறையும். சென்னையில் 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அத்தகைய பெருநகரப் புறநகர்ப் பாதையில் ஒரு வண்டியைத் தவறவிட்டவர் சிறிது நேரத்தில் அடுத்த வண்டியைப் பிடித்துவிடலாம். மலையிலிருந்து வருபவர் இரவு வண்டியைத் தவறவிட்டால், அடுத்த வாய்ப்பு மறுநாள்தான். ஒரே நிமிடத் தாமதம் ஓரிடத்தில் பத்து நிமிடமாகவும் மற்றோரிடத்தில் ஒரு நாளாகவும் மாறுகிறது.

சொந்த ஊர்தி உடையவர் இக்கணக்கைப் போட வேண்டியதில்லை. அவர் வேண்டிய நேரத்தில் புறப்படுவார். வாடகைக்கு மகிழுந்து அமர்த்தும் வசதியுள்ளவரும் அவ்வாறே. நாட்கூலி பெறும் தொழிலாளி, பள்ளிக்குச் செல்லும் மாணவர், முதியோர், நோயுற்றோர் ஆகியோரே இணைப்பை நம்பி வாழ்பவர்கள். தவறிய இணைப்பிற்கான விலையை அவர்கள் ஒரு நாள் கூலியாகவோ எழுத இயலாத தேர்வாகவோ தள்ளிப்போன மருத்துவமாகவோ செலுத்துகின்றனர்.

மழையும் காடும் எல்லையும்

மலைநாட்டில் இணைப்பைத் தளர்த்தும் காரணிகள் வேறு சிலவும் உண்டு. முதலாவது மழை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்நாள்களில் நாடுகாணி மலைப்பாதையும் நிலச்சரிவால் பழுதுபட்டது. இம்மலைப்பாதையை மலையாளத்தில் 'சுரம்' என்பர். சங்கத் தமிழில் கடத்தற்கரிய வழியைச் சுட்டிய சொல் இன்றும் இங்கே வாழ்கிறது. அதன் பொருளும் மாறவில்லை.

இரண்டாவது காடு. மைசூரு செல்லும் சாலையில் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தின் ஊடே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை ஊர்திப் போக்குவரத்திற்கு 2009ஆம் ஆண்டு முதல் தடை உள்ளது. இரவில் நடமாடும் யானை, மான், புலி ஆகியவற்றின் உயிர் காக்கும் ஏற்பாடு அது. இத்தடையை மதித்தே வடக்கு வழியின் பயண நேரங்களை வகுத்தல் வேண்டும். நிலம்பூரையும் நஞ்சன்கூட்டையும் இணைக்கும் புதிய இருப்புப்பாதை குறித்து நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. அப்பேச்சிலும் காடு குறித்த கவலை தவறாமல் இடம்பெறுகிறது. மக்களின் வழியும் விலங்குகளின் வழியும் ஒரே நிலத்தில் குறுக்கிடுவதால், இருவருக்கும் இடம்தரும் தீர்வே நிலைக்கும்.

மூன்றாவது மாநில எல்லை. நாடுகாணி வழித்தடத்தில் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில அரசுகளின் பேருந்துகளும் செல்கின்றன. தொடர்வண்டியை நடுவண் அரசு இயக்குகிறது. ஒரு பயணியின் ஒரே பயணம் மூன்று நிருவாகங்களின் கைகளில் பிரிந்து கிடக்கிறது. ஒரு நிறுவனம் தன் கால அட்டவணையை மாற்றும்போது மற்றவற்றுக்கு அது தெரியாமற் போனால், இடையில் நிற்பவர் பயணியே.

எதிரெதிர் நடைமேடைகள்

இணைப்பு நன்கு அமைந்தால் பயணம் எவ்வாறிருக்கும் என்பதற்கும் நீலகிரியிலேயே சான்று உண்டு. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873ஆம் ஆண்டில் பாதை திறக்கப்பட்டது. வடகோவை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாகச் செல்லும் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில், பணியாளர்களும் மாணவர்களும் நாள்தோறும் வந்து செல்கின்றனர்.

மேட்டுப்பாளையத்தில் இரு வேறு பாதைகள் சந்திக்கின்றன. சமவெளியிலிருந்து வருவது 1.676 மீட்டர் அகலமுடைய அகலப்பாதை. மலையேறுவது ஒரு மீட்டர் அகலமுடைய மீட்டர் பாதை. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓட இயலாது. ஆயினும், சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் நீலகிரி விரைவு வண்டி அதிகாலையில் வந்து சேர, அதன் பயணிகளுக்காகவே காத்திருப்பது போல மலைத் தொடர்வண்டி 7.10 மணிக்குப் புறப்படும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாதைகள் இணைய இயலாத இடத்தில் நேரங்கள் இணைந்தன.

மலைப்பாதையின் குன்னூர் வரையிலான பகுதி 1899ஆம் ஆண்டிலும், உதகமண்டலம் வரையிலான பகுதி 1908ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் 208 வளைவுகளும் 16 குகைவழிகளும் 250 பாலங்களும் உள்ளன. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமையானது. ஆகவே, தண்டவாளங்களின் நடுவே பதிக்கப்பட்ட பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பொருந்தி வண்டியை மேலேற்றுகிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

குன்னூருக்கும் உதகமண்டலத்திற்கும் இடையே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்னும் சிறு நிலையங்கள் உள்ளன. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டனில் படைத்துறை நிலையம், கேத்தியில் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள், லவ்டேலில் 1858ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லாரன்ஸ் பள்ளி என ஒவ்வொரு நிலையத்தின் பின்னும் ஒரு வாழ்வு உள்ளது. உதகமண்டலத்தில் பேருந்து நிலையமும் தொடர்வண்டி நிலையமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், கூடலூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்குபவர் சில நிமிட நடையிலேயே நடைமேடையை அடையலாம். இடத்தின் இணைப்பு இவ்வாறு எளிதாக அமைந்துள்ளது. ஆனால், மேட்டுப்பாளையம் வரை செல்லும் வண்டி நாளுக்கு ஒன்றே. அதுவும் மலையின் அழகைக் காண வருவோரின் வண்டியாகவே பெரிதும் விளங்குகிறது. விரைந்து செல்ல வேண்டிய உள்ளூர் மக்கள் பேருந்தையே நாடுகின்றனர். இடம் இணைந்தால் மட்டும் போதாது. நேரமும் தேவையும் இணைய வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

கடிகாரம் கற்பித்த பாடம்

நீலகிரி மலைப்பாதையின் பற்சட்ட முறையை உருவாக்கிய உரோமன் ஆப்ட் என்பவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். இப்பாதையில் ஓடிய புகழ்மிக்க நீராவி எஞ்சின்களும் அந்நாட்டின் வின்டர்தூர் நகரில் உருவானவை. மலையேறும் கருவியை நமக்குத் தந்த அந்நாடு, இணைப்பு குறித்தும் ஒரு பாடத்தை உலகிற்குத் தந்துள்ளது.

1982ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து, நாடு முழுவதும் சீரான இடைவெளியில் வண்டிகள் ஓடும் கால அட்டவணையை நடைமுறைப்படுத்தியது. காலை 8.05க்கு ஒரு வண்டி புறப்பட்டால் 9.05க்கும் 10.05க்கும் அடுத்தடுத்த வண்டிகள் புறப்படும். 1987ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பின் ஒப்புதலுடன் 'இரயில் 2000' என்னும் திட்டம் வகுக்கப்பட்டது. முதன்மை நிலையங்கள் ஒவ்வொன்றிலும் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் வண்டிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து கூடி, பயணிகள் மாறி ஏறியபின் பிரிந்து செல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து. அதற்காகப் பெர்ன், சூரிக் நகரங்களுக்கு இடையிலான பயணம் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கப்பட்டது. அதற்குமேல் விரைவு தேவைப்படவில்லை. இணைப்பைப் பிடிக்கப் போதுமான விரைவே அவர்களின் இலக்கு. சிற்றூர் நிலையத்தின் வாயிலில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து தொடர்வண்டியின் வரவை எதிர்நோக்கி நிற்கும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு எல்லா இடங்களிலும் தேவைப்படுவதில்லை. மாலை 6 மணிக்கு வண்டி வந்து நிற்கும் நிலையத்திலிருந்து மலைக்குச் செல்லும் பேருந்து 5.55க்குப் புறப்பட்டால், அது பயணிகளின்றிச் செல்லும். வண்டியில் வந்தோர் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பர். அதே பேருந்து 6.15க்குப் புறப்பட்டால் இருவர்க்கும் பயன். மாற்றப்பட்டது ஒரு தாளில் உள்ள எண் மட்டுமே. அதே பேருந்து, அதே ஓட்டுநர், அதே எரிபொருள்.

வழி சொல்லும் மரபு

பயணத்திற்கு ஊர்தியைப் போலவே செய்தியும் இன்றியமையாதது. தமிழ் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகையே இதற்கு உண்டு. பரிசில் பெற்று மீள்பவர், எதிர்ப்படும் வறியவர்க்கு வழியையும் வழியிலுள்ள நிலங்களையும் தங்குமிடங்களையும் எடுத்துரைப்பது அதன் பொருள். வழி தெரியாமல் வருந்துபவர்க்கு அதனை அறிந்தவர் கூறுவது அறம் என்று தமிழர் கருதினர்.

இன்றைய ஆற்றுப்படை, நிலையத்தின் அறிவிப்புப் பலகையாகும். தொடர்வண்டி நிலையப் பலகைகளில் அந்தந்த மாநில மொழியும் இந்தியும் ஆங்கிலமும் இடம்பெறுவது வழக்கம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தோட்டத் தொழிலாளி எல்லை கடந்த நிலையத்தில் நிற்கும்போது, 'நாடுகாணி வழி' என்று தமிழில் எழுதிய ஒரு பலகை அவர்க்கு எவ்வளவு பெரிய துணை! அடுத்த பேருந்தின் நேரம், அது நிற்கும் இடம், கடைசிப் பேருந்தின் நேரம் ஆகிய மூன்றையும் தெளிவாக எழுதி வைத்தாலே பயணியின் கலக்கம் பெரிதும் நீங்கும். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, இரவில் ஒரு விளக்கு, பெண்கள் அச்சமின்றிக் காத்திருக்க ஓர் இருக்கை, குடிநீர், கழிப்பறை ஆகியனவும் இணைப்பின் உறுப்புகளே.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பின்னர் இத்திட்டம் மலைப்பகுதிகளுக்கும் விரிவுபெற்றது. கட்டணம் என்னும் தடை நீங்கியபின், நேரமும் பாதுகாப்பும் செய்தியும் அடுத்துக் கவனிக்கத்தக்கனவாகின்றன.

நிறைவாக

தனுஷ்கோடியில் கட்டடத்தின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன, நிலையம் இல்லை. நிலம்பூரில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டபின் நிலையம் மறைந்து, அவை மீண்டதும் நிலையமும் மீண்டது. நெல்லியாளத்தில் தண்டவாளமே இல்லை. ஆயினும், உரிய நேரத்தில் ஒரு பேருந்து நாடுகாணி வழியாக இறங்கிச் செல்லும் நாளில், அவ்வூர்க்கும் ஒரு தொடர்வண்டி நிலையம் இருக்கிறது. அப்பேருந்து வாராத நாளில் அந்நிலையம் இல்லாததற்குச் சமம்.

கடல் கடந்து, ஊர்தி மாறி மாறி இம்மலையை அடைந்தவர்களின் பெயரர்கள் இன்று கல்விக்காகவும் பணிக்காகவும் இதே வழிகளில் இறங்கிச் செல்கின்றனர். அவர்கள் வேண்டுவது விரைவு வண்டிகளை மட்டுமன்று. தாம் இறங்கும் இடத்தில் தம்மை ஏற்றிச் செல்ல ஓர் ஊர்தி காத்திருக்கும் என்னும் உறுதியையே அவர்கள் வேண்டுகின்றனர். அவ்வுறுதியை அளிக்கும் நிலையம் எத்துணைச் சிறியதாயினும் பெரியதே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பொதுப் போக்குவரத்தில் செல்ல எத்தனை ஊர்திகள் மாற வேண்டும்? ஒவ்வோர் இடத்திலும் காத்திருக்கும் நேரத்தைக் குறித்து அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள தொடர்வண்டி நிலையத்திற்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் இடையிலுள்ள தொலைவு, வண்டி வரும் நேரம், பேருந்து புறப்படும் நேரம் ஆகியவற்றைத் திரட்டுக. அவற்றின் அடிப்படையில், பேருந்து நேரத்தை மாற்றியமைக்க வேண்டிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு ஒரு விண்ணப்பம் வரைக.

3. இலங்கையிலிருந்தோ பிற நாடுகளிலிருந்தோ தாயகம் திரும்பிய முதியவர் ஒருவரின் பயண அனுபவத்தைக் கேட்டறிந்து, அதில் இடம்பெற்ற ஊர்திகளையும் தங்குமிடங்களையும் வரிசைப்படுத்தி வகுப்பறையில் உரையாற்றுக.